நூறு மில்லிவோல்ட்

சென்ற சித்திரையில் ஓர் இரவு, மணி பதினொன்றரை இருக்கும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் கணினியின் பயாஸ் அமைப்புக்குள் (விண்டோஸுக்கு முன்பே எழுந்து பாகங்களை இயக்கும் அடிப்படை மென்பொருள்) போய், ப்ராசஸருக்குச் செல்லும் வோல்டேஜை மாற்றி, எஃப்10 விசையை அழுத்திச் சேமித்தேன். திரை அணைந்தது. வழக்கமாக நான்கைந்து நொடிகளில் வந்துவிடும் மதர்போர்டு நிறுவனத்தின் சின்னம் வரவில்லை. கேபினெட்டின் விசிறிகள் மூன்று நொடி சுற்றி நின்றன, தாமாகவே மறுபடி சுற்றின, மறுபடி நின்றன. நான்காம் முறைக்குப் பிறகு நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தன, ஆனால் திரை கறுப்பாகவே கிடந்தது. கீபோர்டில் நம்லாக் விசையைத் தட்டிப் பார்த்தால் அதன் விளக்கு எரியவுமில்லை, அணையவுமில்லை. மதர்போர்டின் மேல் ஓரத்தில், ‘சிபியு’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில், கடுகளவு சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

கம்ப்யூட்டர் கடைக்காரர்கள் இதை ‘நோ டிஸ்ப்ளே’ என்பார்கள். நோ டிஸ்ப்ளேவுக்கு ஐம்பது காரணங்கள் இருக்கலாம். ஆனால் எனக்கு நேர்ந்ததற்கு ஒரே காரணம்தான், அதுவும் எனக்குத் தெரிந்த காரணம். அப்படியிருந்தும் அதைச் சரிசெய்ய எனக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. தெரிந்த காரணத்தை விட்டுவிட்டு ஏன் வேறு எங்கோ தேடினேன், தெரிந்த வைத்தியத்தைச் செய்தும் அது ஏன் முதல் முறை பலிக்கவில்லை என்பவற்றை எழுதி வைக்கவே இந்தப் பதிவு.

என் அறை பல்லடத்திலிருந்து சோமனூர் போகும் வழியில், அப்பாவின் மோட்டார் ரீவைண்டிங் பட்டறைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கூரை சிமெண்ட் ஷீட். சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்குடோன். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் பிரின்ட் டிசைன் போட்டுக் கொடுப்பதும், ஆடை தைக்கப்படுவதற்கு முன்பே அது உடம்பில் எப்படி விழும் என்று ஆடை வாங்கும் பையருக்குக் காட்டும் முப்பரிமாணப் படங்களை ரெண்டர் செய்வதும், அதாவது கணினியைக் கணக்கிட்டு வரைய வைப்பதும், என் தொழில். ரெண்டர் ஓடும்போது ப்ராசஸரின் ஆறு கோர்களும் மணிக்கணக்கில் முழுமூச்சில் வேலை செய்யும். சித்திரை வெயிலில் பகல் இரண்டு மணிக்கு அறையே 38 டிகிரி இருக்கும்போது, ப்ராசஸர் தன் வரம்பான 95 டிகிரியைத் தொட்டு, வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விசிறியின் இரைச்சலில் தறிச் சத்தமே கேட்காது. அதனால்தான் வோல்டேஜைக் குறைக்க முற்பட்டேன்.

குறைத்தால் என்ன பயன் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரே வேகத்தில் ஓடும் சிப் ஒன்று, வேலை செய்வதற்காக இழுக்கும் மின்திறன், வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். 1.25 வோல்ட்டை 1.125 வோல்ட் ஆக்கினால் குறைப்பது பத்து சதவீதம்தான், ஆனால் 0.9-ஐ 0.9-ஆல் பெருக்கினால் 0.81 வரும், அதாவது அந்த வகையில் எழும் வெப்பம் ஏறக்குறைய 19 சதவீதம் குறைந்துவிடும். தயாரிப்பாளர்கள் எல்லாச் சிப்களும் எல்லாச் சூழலிலும் பிழையின்றி ஓட வேண்டும் என்பதற்காகச் சற்றுத் தாராளமாகவே வோல்டேஜ் வைத்து அனுப்புகிறார்கள். அந்தத் தாராளத்தில் கொஞ்சத்தை நாம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், சிப்புக்குச் சிப் அந்த இடைவெளி மாறுபடும் என்பதை மறக்காதவரை.

நான் எடுத்துக்கொண்டது முரட்டு வழி. வேகத்தை 4.2 கிகாஹெர்ட்ஸில் நிலையாக நிறுத்தி, வோல்டேஜையும் ஒரே எண்ணாக நிறுத்திவிடுவது. இதைவிட நயமான வழிகள் இருக்கின்றன: ப்ராசஸர் தானாகக் கேட்கும் வோல்டேஜிலிருந்து குறிப்பிட்ட அளவை மட்டும் கழிக்கும் ஆஃப்செட் முறை, ஏ.எம்.டி.யின் ரைசன் வகை ப்ராசஸர்களில் ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாகக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசர் முறை. அவற்றில் ஓய்வு நேரத்தில் ப்ராசஸர் அடங்கியும், தேவைப்படும்போது துள்ளியும் ஓட முடியும். எனக்கு ரெண்டர் ஒன்றே குறி என்பதால் முரட்டு வழியே போதும் என்று நினைத்தேன். 1.200 வைத்து இரண்டு நாள் ஓட்டினேன், பழுதில்லை. 1.175, பழுதில்லை. 1.150, பழுதில்லை. ஒவ்வொன்றையும் அப்பாவின் பட்டறை நோட்டு ஒன்றில் தேதியோடு எழுதி வந்தேன். அந்த இரவு நோட்டில் எழுதியது 1.125.

விசிறிகள் சுற்றித் திரை கறுத்துக் கிடந்தபோது நான் முதலில் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ரேமைக் கழற்றினேன். அதன் தங்கநிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, ஊதி, மறுபடி மாட்டினேன். நம் ஊரில் எந்தக் கணினி எழவில்லை என்றாலும் முதலில் நடக்கும் சடங்கு இது. பலமுறை பலித்தும் இருக்கிறது, அதுதான் ஆபத்து. ரேமை இடம் மாற்றினேன், ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தேன். மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.தான் போய்விட்டதோ என்று அதன் 24 பின் கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். சிவப்பு விளக்கு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், ‘சிபியு’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் எரிந்தது. ஒரு மணி நேரம் அது சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்க, நான் வேறு எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

மாடியில் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு அப்பா மேலே வந்தார்.

“ஏஞ்சாமி, இன்னும் தூங்கலையா? என்ன பண்ணிப்போட்ட அதை?”

“வோல்டேஜக் கொறச்சு வெச்சேனுங்கப்பா. அதுலருந்து எந்திரிக்க மாட்டேங்குது.”

“வோல்டேஜ் கொறஞ்சா காயில் வெந்துருமல்ல. வெந்துபோச்சா?”

நாற்பது ஆண்டுகளாகத் தோட்டத்து மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவர் கேட்கக்கூடிய கேள்விதான். 1932-இல் பைக்காராவில் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு கோவை வட்டாரத்தில் மில்களும் கிணற்று மோட்டார்களும் பெருகிய கதையை நாங்கள் பள்ளியில் படித்தோம். அந்த மோட்டார்கள் லோ வோல்டேஜில் வெந்து வந்த கதையை நான் கீழே பட்டறையில் பார்த்து வளர்ந்தேன். தண்ணீரைத் தூக்க வேண்டிய பாரம் அப்படியே இருக்க, வோல்டேஜ் மட்டும் குறைந்தால், மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. பத்து சதவீதம் வோல்டேஜ் போனால் முறுக்கு 0.81 ஆகிவிடும், என் ப்ராசஸர் கணக்கில் வந்த அதே எண்தான். மோட்டார் தடுமாறிச் சற்று மெதுவாகச் சுற்றி, பாரத்தை இழுப்பதற்காக அதிக ஆம்பியரை உறிஞ்சுகிறது. அந்த ஆம்பியர்தான் காயிலின் வார்னிஷைக் கருக்குகிறது.

சிப்பில் நடப்பது நேர்மாறு. வோல்டேஜ் குறைந்தால் டிரான்சிஸ்டர்கள் அதிகமாக இழுப்பதில்லை, மெதுவாக மாறுகின்றன. 4.2 கிகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு நொடியில் 420 கோடித் துடிப்புகள். ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் விடை வந்து சேர்ந்தாக வேண்டும். வோல்டேஜ் போதாவிட்டால் விடை வந்து சேர்வதற்குள் அடுத்த துடிப்பு அடித்துவிடுகிறது, சிப் பழைய விடையையோ அரைகுறை விடையையோ எடுத்துக்கொண்டு மேலே போகிறது. வேவதில்லை, தப்புக் கணக்குப் போடுகிறது. 2019 டிசம்பரில் வெளியான ‘பிளண்டர்வோல்ட்’ ஆய்வு இதைத்தான் ஆயுதமாக்கிக் காட்டியது: இன்டெல் ப்ராசஸரின் வோல்டேஜை மென்பொருள் வழியாகச் சற்றே குறைத்து, அதன் பாதுகாப்பு அறைக்குள் நடக்கும் பெருக்கல் கணக்குகளைத் தப்பாகப் போட வைத்து, அதன் மூலம் ரகசியங்களைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பிறகு பல லேப்டாப்களில் வோல்டேஜ் குறைக்கும் வசதியே பூட்டப்பட்டுவிட்டது. என் கணினியிலோ, எழுந்ததும் ஓட வேண்டிய முதல் கட்டளைகளே தப்பாகிவிட்டன போலும். ஆகவே திரைக்கு வந்து சேரவே அதனால் முடியவில்லை.

இவ்வளவையும் அந்த நேரத்தில் அப்பாவிடம் சொல்லவில்லை. “வேகாதுங்கப்பா, மந்தமாயிருச்சு” என்று மட்டும் சொன்னேன். அவர் மேசை மேல் கிடந்த ரேமையும் ரப்பரையும் பார்த்தார்.

“பொறவு இதையெதுக்குக் கழட்டுன? நீ கை வெச்சது இதுல இல்லையே.”

பட்டறைக்கு எந்த மோட்டார் வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, கடைசியாக யார் கை வைத்தார்கள், என்ன செய்தார்கள் என்பது. மீட்டரை எடுப்பதற்கு முன்பே அதைக் கேட்டுவிடுவார்.

நான் கை வைத்தது ஓர் எண்ணின் மேல். அந்த எண்ணை மாற்ற வேண்டுமானால் பயாஸுக்குள் போக வேண்டும். பயாஸுக்குள் போக வேண்டுமானால் கணினி எழ வேண்டும். எழ விடாமல் தடுப்பதோ அந்த எண். வீட்டுக்குள் சாவியை வைத்துவிட்டு வெளியிலிருந்து பூட்டிக்கொண்ட கதைதான். இதற்காகத்தான் ஒவ்வொரு மதர்போர்டிலும் பின்கதவு ஒன்று உண்டு. சில போர்டுகள் மூன்று நான்கு முறை எழ முயன்று தோற்றால், தாமாகவே பழைய பாதுகாப்பான அளவுகளைப் போட்டுக்கொண்டு எழுந்து, அமைப்பு தவறிவிட்டது என்று திரையில் சொல்லும். என் போர்டு நான்கு முறை முயன்றும் அதைச் செய்யவில்லை. அடுத்தது, சிமோஸைத் துடைப்பது, அதாவது சேமித்த அமைப்புகளை நீக்கி ஆதி அளவுகளுக்குத் திரும்ப வைப்பது.

எனக்கு அது தெரியாததல்ல. போர்டில் இருக்கும் வட்டப் பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்து மாட்டினால் போதும் என்று பத்து வருடங்களாகப் பிறருக்குச் சொல்லி வந்தவன்தான். கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் ஒளிந்திருந்த பேட்டரியை எட்ட முடியாததால் கார்டைக் கழற்றினேன். சி.ஆர்.2032 என்று முதுகில் பொறித்த, 20 மில்லிமீட்டர் அகலமும் 3.2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட பேட்டரி; அளவே அதன் பெயர். உலோகக் கொக்கியை நகத்தால் சற்று ஒதுக்கியதும் துள்ளி வெளியே வந்தது. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் காத்திருந்து மாட்டினேன். கார்டையும் மாட்டிப் பவர் பொத்தானை அழுத்தினேன். விசிறிகள் சுற்றின, நின்றன, சுற்றின. சிவப்பு விளக்கு அதே இடத்தில்.

இந்த இடத்தில்தான் பலர் மனம் உடைந்து ப்ராசஸர் செத்துவிட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். நானும் அதற்கு அருகில் வந்துவிட்டேன். பேட்டரியைக் கையில் வைத்திருந்த அந்த ஐந்து நிமிடமும் போர்டின் மூலையில் ஒரு வெள்ளை விளக்கு நிம்மதியாக எரிந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. கணினி அணைந்திருந்தாலும், கரண்ட் கேபிள் செருகியிருக்கும்வரை எஸ்.எம்.பி.எஸ். 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரத்தைப் போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பேட்டரி வீணாகாமல் இருப்பதற்காக, ஸ்டாண்ட்பை இருக்கும்போது கடிகாரமும் அதோடு சேர்ந்த நினைவகமும் அதிலிருந்தே உணவு உண்ணும்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஆகவே கேபிளை உருவாமல் பேட்டரியைக் கழற்றினால், அந்த நினைவகத்துக்குப் பேட்டரி போனதே தெரியாது. என் கணினி யு.பி.எஸ்.ஸில் வேறு மாட்டியிருந்தது. ஊரே இருட்டானாலும் அது விழித்திருக்கும்.

சிமோஸ் என்ற பெயரைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1984-இல் ஐ.பி.எம். வெளியிட்ட பிசி ஏடி கணினியில், மோட்டரோலாவின் எம்.சி.146818 என்ற கடிகாரச் சிப்புக்குள் 64 பைட் நினைவகம் இருந்தது. அதில் 14 பைட் கடிகாரத்துக்கும் அதன் கட்டுப்பாட்டுக்கும் போக, மீதி 50 பைட்டில் கணினியின் அமைப்புகள் இருந்தன. பேட்டரி போனால் அவையும் போய்விடும். இன்றைய போர்டுகளில் பெரும்பாலான அமைப்புகள், கரண்ட் இல்லாவிட்டாலும் அழியாத ஃபிளாஷ் சிப்பில் இருக்கின்றன. பேட்டரியைக் கழற்றுவதால் அவை நேராக அழிவதில்லை. பேட்டரியை நம்பியிருக்கும் சிறு பகுதி பறிபோனதை அடுத்த முறை எழும் பயாஸ் கவனித்து, ‘ஏதோ நடந்திருக்கிறது, பழைய அமைப்புகள் வேண்டாம், ஆதி அளவுகளைப் போடு’ என்று முடிவெடுக்கிறது. இரவு முழுக்கப் பேட்டரியை வெளியே வைத்தும் ஒன்றும் நடக்கவில்லை என்று சிலர் புலம்புவதற்கும், ஜம்பரை (சிமோஸைத் துடைப்பதற்கென்றே போர்டில் இருக்கும் பின்களை) தொட்டதும் சரியாகிவிட்டது என்று வேறு சிலர் சொல்வதற்கும் இந்த வடிவமைப்பு வேறுபாடுகளே காரணம். உங்கள் போர்டின் கையேட்டில் எது எழுதியிருக்கிறதோ அதைச் செய்யுங்கள். பத்து வருடமாகப் பிறருக்குச் சொல்லி வந்ததைச் செய்யாதீர்கள்.

இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்தேன். யு.பி.எஸ்.ஸிலிருந்து கேபிளை உருவினேன். பவர் பொத்தானை 15 நொடி அழுத்திப் பிடித்தேன். விசிறி ஒரு கால் சுற்றுச் சுற்றி நின்றது, வெள்ளை விளக்கு மங்கி அணைந்தது. கப்பாசிட்டரில் தேங்கியிருந்ததும் தீர்ந்தது என்று அர்த்தம். கிராஃபிக்ஸ் கார்டை மறுபடி கழற்றி, பேட்டரியையும் எடுத்துவிட்டு, கையேட்டின் படத்தைப் பார்த்துப் பார்த்து சிமோஸ் துடைக்கும் இரண்டு பின்களைக் கண்டுபிடித்தேன். அரிசிமணி இடைவெளியில் நிற்கும் இரண்டு ஊசிகள். பக்கத்திலேயே விசிறிக்கான பின்கள் இருந்ததால், திருப்புளியின் முனை அங்கே போய்விடாமல் அப்பா டார்ச் அடித்துப் பிடித்தார். பத்து நொடி இரண்டையும் சேர்த்துத் தொட்டுக்கொண்டிருந்தேன்.

காத்திருந்த நேரத்தில் அப்பா பேட்டரியை மீட்டரில் வைத்துப் பார்த்தார். 2.58. புதிதாக இருந்தால் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்ட வேண்டியது. இந்தக் கோளாறுக்கு அது காரணமல்ல என்றாலும் மறுநாள் கடிகாரக் கடையில் புதியது வாங்கிப் போட்டேன். மீட்டர் கையில் இருந்த சூட்டில் அவர் கேட்டார், இந்த ப்ராசஸர் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று. முழு வேலையில் 70, 75 வாட் இழுக்கும், வோல்டேஜ் 1.2 தான் என்பதால் 60 ஆம்பியர் பக்கம் வரும் என்றேன். அவர் நம்பவில்லை. 5 எச்.பி. மோட்டார் ஒரு ஃபேஸுக்கு ஏழு, ஏழரை ஆம்பியர்தான் இழுக்கும். கட்டைவிரல் நகமளவு சிப் அதைப்போல் எட்டு மடங்கா என்று போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அத்தனை ஆம்பியருக்கு வயர் எங்கே என்பது அவர் கேள்வி. 12 வோல்ட்டாக மெல்லிய வயரில் வந்து, சாக்கெட்டுக்குப் பக்கத்தில்தான் 1.2 வோல்ட்டாக இறங்குகிறது, அதற்கப்புறம் போர்டுக்குள் பதித்த செம்புத் தகடுகளில் ஓரிரு அங்குலம்தான் பயணம் என்று காட்டினேன்.

அந்த ஓரிரு அங்குலத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. 60 ஆம்பியர் ஓடும் பாதையில் ஓர் ஓமின் ஆயிரத்தில் ஒரு பங்கு தடை இருந்தாலே 0.06 வோல்ட் வழியில் தொலைந்துவிடும். பயாஸில் 1.15 என்று எழுதினாலும், ரெண்டர் ஓடும்போது சிப்புக்குள் போய்ச் சேர்வது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அப்பாவுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் 415 இருக்கும், லைனின் கடைசிக் கம்பத்துக்கு அப்பால் இருக்கிற தோட்டத்துச் சாளையில் எல்லா மோட்டாரும் ஓடும் நேரத்தில் 340 கூட வராது, அது மாதிரிதானே என்றார். அதே மாதிரிதான். போர்டுகளில் லோட்லைன் என்றொரு அமைப்பு, பாரம் ஏறும்போது வோல்டேஜை எவ்வளவு சரிய விடுவது என்பதைத் தீர்மானிக்கிறது. அதைக் கண்மூடித்தனமாக உச்சத்துக்கு ஏற்றினால், பாரம் இறங்கும் கணத்தில் வோல்டேஜ் எகிறும்.

பேட்டரியை மாட்டி, கேபிளைச் செருகி, பொத்தானை அழுத்தினோம். ‘சிபியு’ விளக்கு ஒரு கணம் எரிந்து அணைந்தது. அதற்கடுத்த, ரேமுக்கான ‘டிராம்’ விளக்கு எரிந்தது. அரை நிமிடத்துக்கு மேல் எரிந்துகொண்டே இருந்தது. நான் அணைத்துவிடப் போனேன். “பொறு, இப்பத்தான் வேற எடத்துக்குப் போயிருக்குது” என்று அப்பா கையைப் பிடித்தார். அவர் பார்த்தது சரி. அமைப்புகள் துடைக்கப்பட்ட பிறகு முதல் முறை எழும்போது, ரேமின் நேர அளவுகளைப் போர்டு புதிதாகப் பழக வேண்டியிருக்கும். டிடிஆர்5 ரேம் கொண்ட கணினிகளில் இது சில நிமிடங்கள்கூட ஆகும். பிறகு அதுவும் அணைந்து, கிராஃபிக்ஸுக்கான ‘விஜிஏ’ விளக்கு எரிந்து நின்றது. திரை அப்போதும் கறுப்பு. கார்டைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, மானிட்டர் கேபிளை மதர்போர்டின் ஹெச்.டி.எம்.ஐ. துளையில் செருகியிருந்தேன், என் ப்ராசஸரிலோ உள்ளமைந்த கிராஃபிக்ஸே கிடையாது. கார்டை மாட்டினேன். சின்னம் வந்தது. மணி இரண்டு.

எழுந்துவிட்டது என்பதோடு வேலை முடிவதில்லை. தேதி 2021 ஜனவரி 1 என்று காட்டியது. தேதி தப்பாக இருந்தால் வங்கித் தளமும் ஜி.எஸ்.டி. தளமும் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று திறக்க மறுக்கும்; பில் போடும் மென்பொருளில் அந்தத் தேதியோடு ஒரு பில் விழுந்துவிட்டால் கணக்கரிடம் பேச்சு வாங்க வேண்டும். ரேம் அதன் அட்டையில் எழுதிய வேகத்தில் இல்லாமல் ஆதி வேகத்துக்கு இறங்கியிருக்கும், அட்டை வேகத்தைத் தரும் எக்ஸ்.எம்.பி. அமைப்பை மறுபடி இயக்க வேண்டும். பழைய முறையில் விண்டோஸ் நிறுவிய வட்டாக இருந்தால், அத்தகைய வட்டிலிருந்து எழ உதவும் சி.எஸ்.எம். அமைப்பு ஆதி நிலைக்குப் போனதில் வட்டே இல்லை என்று கணினி சாதிக்கும். அதைக் கண்டு வட்டு போய்விட்டது என்று யாரும் பதற வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். வட்டு பூட்டப்பட்டிருந்தால், பூட்டின் சாவியைக் காக்கும் டி.பி.எம். அமைப்பு மாறியதும் விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது எங்கே இருக்கிறது என்று சிமோஸைத் துடைக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும், துடைத்த பிறகு அந்தக் கணினியில் தேட முடியாது.

துடைத்தும் எழாவிட்டால் என்ன செய்வது? ஒரே ஒரு ரேம், ப்ராசஸர், தேவையென்றால் கிராஃபிக்ஸ் கார்டு ஆகியவற்றைத் தவிர எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் இருக்கும் போர்டுகளில், ஃபேட்32 வடிவில் அமைத்த யு.எஸ்.பி.யில் கையேடு சொல்லும் பெயரோடு பயாஸ் கோப்பை வைத்து, கணினி எழாமலேயே பயாஸைப் புதிதாக எழுதிவிடலாம். அதற்கும் மசியாவிட்டால்தான் பாகங்களைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் நீங்கள் எந்தப் பக்கம் திருகினீர்கள் என்பதைப் பொறுத்தே சந்தேகத்தின் எடை மாறும். வோல்டேஜைக் குறைத்தவரின் ப்ராசஸர் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். கூட்டியவருக்கு அந்த உறுதியைத் தர முடியாது. கூடுதல் வோல்டேஜ் சிப்பை மெல்ல அரிக்கும், ஒரேயடியாகவும் கொல்லும். 2024-இல் இன்டெல் தன் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களின் தடுமாற்றத்துக்குக் கூடுதல் வோல்டேஜைக் காரணமாகச் சொல்லி, 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி ப்ராசஸருக்குள் ஓடும் மைக்ரோகோடைத் திருத்த வேண்டி வந்தது. திருத்தம், ஏற்கெனவே அரிபட்ட சிப்களை மீட்டுத் தரவில்லை.

மறுநாள் காலை, வெளிச்சத்தில் கேபினெட்டைப் பார்த்தபோது, ப்ராசஸரின் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு இடையில் பஞ்சு மெத்தை விரித்திருந்தது. தறிக்குடோனிலிருந்து வரும் பஞ்சுத் தூசி, விசிறி இழுக்க இழுக்கப் படிந்து, விரலால் உரித்தால் துணிபோல் கையோடு வந்தது. கீழே பட்டறையிலிருந்து ப்ளோயரைக் கொண்டுவந்து, விசிறி சுற்றிவிடாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊதினேன். அதே ரெண்டர், ஆதி வோல்டேஜ், அதே பிற்பகல் வெயில்: 95 டிகிரி 83 ஆனது. இதை முதலிலேயே செய்திருந்தால் பயாஸ் பக்கமே போயிருக்க மாட்டேன் என்று எழுதத் தோன்றுகிறது. அது உண்மையல்ல, போயிருப்பேன், நிதானமாகப் போயிருப்பேன், அவ்வளவே.

ஒரு வாரம் கழித்து மறுபடி தொடங்கினேன். இம்முறை 1.200-லிருந்து ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ரெண்டர் மூன்று மணி நேரம் ஓடினால் போதும் என்று முன்பு நினைத்தது தவறு. பாரத்தில் நிற்கும் அமைப்பு, சும்மா இருக்கும்போதோ, இரவெல்லாம் அணைந்து கிடந்து காலையில் முதல் முறை எழும்போதோ தடுமாறலாம். ஆகவே ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு ரெண்டர், ஒரு சும்மா இருக்கும் மாலை, ஒரு காலை எழுச்சி என்று வைத்துக்கொண்டேன். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் வீயா என்ற பெயரில் எச்சரிக்கை ஏதும் விழுந்திருக்கிறதா என்றும் பார்த்தேன். கணினி உறையாமல் ஓடினாலும், ப்ராசஸர் தானே திருத்திக்கொண்ட பிழைகளை அங்கே எழுதி வைக்கும்.

1.150-ஐத் தாண்டியதும் எனக்குக் கை கொஞ்சம் நடுங்கியது. பேட்டரி, ஜம்பர், திருப்புளி, டார்ச் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அன்றிரவு கணினியைச் சாய்த்த எண்ணைத் தட்டினேன். 1.125. எஃப்10. நான்கு நொடியில் சின்னம் வந்தது. ரெண்டர் ஓடியது. மறுநாள் காலையும் எழுந்தது. பதிவில் ஒரு எச்சரிக்கைகூட இல்லை.

அப்படியானால் அன்றிரவு நான் தட்டியது 1.125 ஆக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒன்றுக்குப் பதில் பூஜ்யத்தைத் தட்டி 1.025 என்று போட்டிருக்கலாம், நூறு மில்லிவோல்ட் ஒரே தாவலில். கீபோர்டின் எண் பலகையில் அந்த இரண்டு விசைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் இருக்கின்றன. உறுதியாகச் சொல்ல வழியில்லை. சிமோஸைத் துடைத்தபோது அந்தச் சாட்சியும் சேர்ந்து துடைக்கப்பட்டுவிட்டது. இப்போது 1.150-இல் ஓட்டுகிறேன், சேமிக்கும் முன் பயாஸ் காட்டும் மாற்றப் பட்டியலைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்கிறேன். பட்டறை நோட்டில் அந்தத் தேதியில் 1.125 என்று எழுதிய வரியை அடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறேன்.